தாய்ப் பத்திரமும் பன்னிரண்டு எழுத்தும்

எங்கள் புதூர்ப் பக்கம் நிலம் வாங்க வருகிறவர் முதலில் கேட்பது தாய்ப் பத்திரத்தை. இன்று கையில் இருக்கும் கிரயப் பத்திரம் எந்தப் பத்திரத்திலிருந்து வந்தது, அது அதற்கு முன்னால் எதிலிருந்து வந்தது என்று பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போவார்கள். நடுவில் ஒரு பத்திரம் விட்டுப்போயிருந்தால் வங்கி கடன் தராது. வாங்க வந்தவர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்பார். பெயரில்தான் தாய் இருக்கிறாள். அந்தப் பத்திரங்களைப் புரட்டினால் தகப்பன், பாட்டன், அண்ணன், தம்பி பெயர்கள்தாம் பெரும்பாலும் கண்ணில் படும். ஆணுக்கு ‘த/பெ’ என்று போட்டு எழுதும் தகப்பன் பெயர் சாகும்வரை மாறாது. பெண்ணுக்குக் கல்யாணத்தோடு ‘த/பெ’ போய் ‘க/பெ’ வந்துவிடும். ஒரே ஆள்தான், ஆனால் பதிவேட்டில் இரண்டு ஆள்.

நான் நிலத்துக்குச் சம்பந்தமில்லாத வேலைக்குப் போனவள். கோவில்பட்டியில் படித்து, சென்னையில் மென்பொருள் எழுதப் போய், பல ஆண்டுகளாகப் பிறர் எழுதிய நிரலைச் சரிபார்ப்பதையே பெரும்பாலும் செய்துவருகிறேன். அந்த வேலையிலும் தாய்ப் பத்திரத் தொடர் ஒன்று உண்டு. அதிலும் எண்கள் உண்டு. எண்கள் தவறிப்போவதும் உண்டு. தவறிய எண்ணைப் பிடிக்கிறவர்களின் வேலை எப்படிப் பதிவாகிறது அல்லது பதிவாகாமல் போகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. கணினி படிக்காத வாசகியும் இதைப் பின்தொடர முடியும். பத்திரம் படிக்கத் தெரிந்தால் போதும்.

நூறு பேர், ஆயிரம் பேர் சேர்ந்து ஒரே நிரலை எழுதும்போது, யார் எந்த வரியை எப்போது எதற்காக மாற்றினார்கள் என்று எழுதிவைக்க ஒரு பதிவேடு வேண்டும். 1972-ல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் உருவாக்கிய எஸ்.சி.சி.எஸ். இந்த வகையில் முன்னோடி. பிறகு 1980களில் ஆர்.சி.எஸ்., சி.வி.எஸ்., 2000-ல் சப்வெர்ஷன் என்று வரிசையாக வந்தன. சப்வெர்ஷன் நம் சார்பதிவாளர் அலுவலகம் மாதிரி. ஒரே இடத்தில் பதிவு நடக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போடுவார்கள். எண் எளிது, ஆனால் அலுவலகம் ஒன்றே ஒன்று இருக்க வேண்டும்.

லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலை உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானவர்கள் எழுதுகிறார்கள். அவர்கள் 2002 முதல் பிட்கீப்பர் என்ற தனியார் கருவியைப் பயன்படுத்திவந்தார்கள். 2005-ல் அதை இலவசமாகப் பயன்படுத்தும் உரிமை திரும்பப் பெறப்பட்டது. அந்த ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் தானே ஒரு கருவி எழுதினார். அதுதான் கிட். இன்று உலகின் பெரும்பாலான மென்பொருள் வரலாறு கிட் பதிவேட்டில்தான் இருக்கிறது.

கிட்டில் மைய அலுவலகம் கிடையாது. அவரவர் கணினியில் முழுப் பதிவேடும் இருக்கும். எண் போட ஆள் இல்லாததால், எண்ணைப் பதிவின் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்டு எடுக்கிறார்கள். ஒரு மாற்றத்தைப் பதிவதற்குக் கமிட் என்று பெயர். மாற்றிய நிரல், எழுதியவர் பெயர், நேரம், விளக்கச் செய்தி, இதற்கு முந்தைய கமிட்டின் எண் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டால், 40 இலக்கமும் எழுத்துமாக ஓர் எண் வரும். அதை ஹாஷ் என்பார்கள். செய்தியில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் எண் முழுவதும் வேறாகிவிடும். முந்தைய கமிட்டின் எண்ணும் கணக்கில் சேர்வதால், நடுவில் ஒன்றை மாற்றினால் அதற்குப் பின் வந்த எல்லாவற்றின் எண்ணும் மாறும். பழைய பதிவில் யாரும் திருட்டுத்தனமாகக் கை வைக்க முடியாமல் காப்பது இந்த ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மகள் கமிட்டுக்குத் தன் தாய் யாரென்று தெரியும். தாய்க் கமிட்டுக்குத் தன் மகள்களைத் தெரியாது. தாயைப் பதியும்போது மகள் பிறந்திருக்கவில்லை. பிறந்த பிறகு தாயின் பதிவில் ஒரு வரி சேர்த்தால் தாயின் எண் மாறிவிடும். எனவே ஒரு கமிட்டில் பிழை இருந்து, அதை மூன்று வருடம் கழித்து இன்னொருவர் திருத்தினால், பிழையுள்ள கமிட்டைப் பார்க்கிறவருக்கு அது திருத்தப்பட்டுவிட்டது என்பது அங்கே தெரியாது. திருத்தும் கமிட்டுதான் பின்னால் திரும்பி, “நான் இன்னதைத் திருத்துகிறேன்” என்று சொல்ல வேண்டும்.

அப்படிச் சொல்வதற்கு லினக்ஸ் கர்னலில் ஒரு வரி உண்டு. செய்தியின் கடைசியில் ‘ஃபிக்சஸ்’ என்று எழுதி, பிழையைக் கொண்டுவந்த கமிட்டின் ஹாஷில் முதல் 12 எழுத்துகளையாவது போட்டு, அடைப்புக்குறிக்குள் அந்தக் கமிட்டின் தலைப்பையும் எழுத வேண்டும். கிட் வந்த புதிதில் 7 எழுத்தே போதுமானதாக இருந்தது. பதிவுகள் பெருகப் பெருக, முதல் 7 எழுத்து ஒன்றாக இருக்கும் இரண்டு பதிவுகள் வரத் தொடங்கின. அதனால்தான் 12.

எண்ணோடு தலைப்பையும் ஏன் கேட்கிறார்கள்? நம் பத்திரங்களில் சர்வே எண்ணை மட்டும் எழுதுவதில்லை. வடக்கே யார் புஞ்சை, தெற்கே எந்த ஓடை என்று செக்குபந்தியும் எழுதுகிறோம். இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி. எண்ணில் எழுத்தர் கை பிசகினால் நான்கெல்லை காட்டிக்கொடுக்கும். ஹாஷும் தலைப்பும் அப்படித்தான். இரண்டும் ஒரே கமிட்டைக் காட்டவில்லை என்றால் எங்கோ தவறு இருக்கிறது.

தவறு பல வழிகளில் வரும். கையால் தட்டச்சு செய்து ஓர் எழுத்து மாறிப்போவது அவற்றில் எளிதானது. அடிக்கடி நடப்பது வேறு. ஒருத்தி தன் கணினியில் ஒரு கமிட் எழுதுகிறாள். பிறகு அதையே திருத்தும் இன்னொன்றை எழுதி, முதல் கமிட்டின் எண்ணைக் குறிப்பிடுகிறாள். இதற்கிடையில் அவளுடைய கிளையை மேல் கிளையின் புதிய நிலைக்கு மாற்றி அடுக்குகிறார்கள். ரீபேஸ் என்பது இதுதான். அடுக்கியதும் எல்லா எண்களும் மாறுகின்றன. ஆனால் செய்திக்குள் எழுத்தாக எழுதிய பழைய எண் அப்படியே கிடக்கிறது. அந்த எண்ணுக்குரிய கமிட் அவள் கணினியைத் தவிர வேறெங்கும் இல்லை. இன்னொரு தவறு, ஒரு திருத்தத்தின் நகல் பல பதிப்புக் கிளைகளில் இருக்கும்போது, மூலத்தின் எண்ணுக்குப் பதிலாக நகலின் எண்ணை எடுத்துப் போடுவது.

கரிசல் காட்டுக்காரர்களுக்கு இது புதிதல்ல. 1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை, ‘யூடிஆர்’ என்பார்கள். அதில் உட்பிரிவு எண்களும் பட்டா எண்களும் புதிதாக எழுதப்பட்டன. அதற்கு முன் எழுதிய பத்திரங்களில் பழைய எண்தான் இருக்கும். என் அம்மாவுக்கு வந்த மானாவாரிப் புஞ்சையின் பத்திரத்தில் ஓர் எண், பட்டாவில் வேறு எண். நிலம் நகரவில்லை, உழுகிறவர்களும் மாறவில்லை. ஆனால் உளுந்துக்கும் பாசிக்கும் மழை பொய்த்த வருடத்தில் பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் கொடுக்க வேண்டும். அடங்கலில் இருப்பது புல எண். எண் பொருந்தாவிட்டால் காய்ந்த செடியைக் கொண்டுபோய்க் காட்டினாலும் பணம் வராது. ஒருவர் உட்கார்ந்து பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிட்டு, இதுதான் அது என்று எழுதித் தந்தால்தான் காரியம் நடக்கும்.

மென்பொருளில் எண் தவறினால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். நிரல் ஓடத்தான் செய்யும்; அந்த வரியைக் கணினி படிப்பதே இல்லை. படிப்பவர்கள் மனிதர்களும் அவர்களுடைய கருவிகளும்தான். கர்னலின் புதுப் பதிப்பு வந்த பிறகும், பழைய பதிப்புகள் சிலவற்றை வருடக்கணக்கில் பராமரிக்கிறார்கள். நம் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போன்கள் பெரும்பாலும் அத்தகைய பழைய பதிப்பில்தான் ஓடுகின்றன. புதிய திருத்தங்களில் எவற்றைப் பழைய பதிப்புகளுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று முடிவெடுப்பதற்கு ஃபிக்சஸ் வரி முக்கியமான ஆதாரம். “இந்தத் திருத்தம் இன்ன கமிட்டுக்குரியது, அந்தக் கமிட் எங்கள் பதிப்பில் இருக்கிறது, ஆகவே திருத்தமும் வேண்டும்” என்று கணக்குப் போடுகிறார்கள். எண் தவறினால் அந்தக் கணக்குத் தவறும். திருத்தம் வர வேண்டிய போனுக்கு வராமல் போகலாம். 2024 பிப்ரவரி முதல் கர்னலின் பாதுகாப்புக் குறைபாடுகளுக்கு சி.வி.இ. எண் வழங்கும் பொறுப்பும் கர்னல் குழுவிடமே வந்துவிட்டது. எந்தப் பதிப்பிலிருந்து குறைபாடு தொடங்கியது, எதில் முடிந்தது என்று அந்தப் பதிவில் எழுதவும் இதே எண்கள்தாம் வேண்டியிருக்கிறது.

இந்தத் தவறுகளைப் பிடிக்கும் வேலை லினக்ஸில் ஒரு பெயரோடு சேர்ந்தே பேசப்படும். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் இருக்கும் ஸ்டீபன் ராத்வெல் 2008-ல் லினக்ஸ்-நெக்ஸ்ட் என்ற கிளையைத் தொடங்கினார். அடுத்த பதிப்பில் சேரவிருக்கும் வேலைகளை, முன்னூறுக்கும் மேற்பட்ட கிளைகளிலிருந்து எடுத்து, வேலை நாள்தோறும் ஒன்றாக அடுக்கிப் பார்ப்பது அதன் நோக்கம். அப்படி அடுக்கும்போது ஃபிக்சஸ் வரிகளையும் ஒரு சிறிய ஸ்கிரிப்ட் கொண்டு அவர் சோதித்தார். அந்த ஹாஷுக்குரிய கமிட் உண்டா? 12 எழுத்து இருக்கிறதா? தலைப்பு அந்தக் கமிட்டின் தலைப்போடு பொருந்துகிறதா? அது இந்தக் கமிட்டின் மூதாதை வரிசையில் வருகிறதா? இல்லையென்றால் எழுதியவருக்கும் சேர்த்தவருக்கும் ஒரு மின்னஞ்சல் போகும். அதில் திட்டு இருக்காது; இன்ன கமிட்டில் இன்ன வரி, இன்ன குறை என்று மட்டும் இருக்கும்.

மின்னஞ்சல் வந்த பிறகுதான் சிக்கல். தவறான எண்ணைத் திருத்தினால் அந்தக் கமிட்டின் எண் மாறும். அதற்குப் பின் அடுக்கிய எல்லாவற்றின் எண்ணும் மாறும். அவற்றை ஏற்கெனவே யாராவது எடுத்துப் பயன்படுத்தியிருந்தால் அவர்களுடைய குறிப்புகள் உடையும். ஒரு தவறைத் திருத்தப் போய் பத்துத் தவறு முளைக்கும். எனவே கிளையின் பொறுப்பாளர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சீக்கிரமே தெரிந்தால் மறுபடி அடுக்கித் திருத்தலாம். தாமதமானால் தவறை அப்படியே விட்டுவிட வேண்டியதுதான். அது என்றைக்கும் பதிவேட்டில் இருக்கும். இதனால்தான் அன்றன்றைக்குச் சோதிப்பது அவசியமாகிறது.

சீக்கிரமே பிடித்துத் திருத்தினால் என்ன பதிவாகிறது? பிழையில்லாத வரி மட்டும். தவறு இருந்ததும் தெரியாது. யார் பிடித்தார் என்பதும் தெரியாது. கர்னலில் பிழையைச் சொன்னவருக்கு ஒரு வரி, சோதித்தவருக்கு ஒரு வரி, சரிபார்த்தவருக்கு ஒரு வரி என்று பெயர் போடும் நல்ல வழக்கம் இருக்கிறது. ஆனால் “உன் குறிப்பு எண் தவறு” என்று சொன்னவருக்கென்று ஒரு வரி கிடையாது. மின்னஞ்சல் குழுவின் சேமிப்பில் தேடினால்தான் கிடைக்கும். ராத்வெல் மின்னஞ்சல்கள் பொதுவெளியில் போவதாலும், பெரிய கிளை ஒன்று அவர் கையில் இருந்ததாலும், அந்த வேலை அவர் பெயரோடு நிற்கிறது. நான் வேலை பார்த்த குழுக்களில் இதே வேலை யார் கைக்கு வந்தது என்று எண்ணிப் பார்க்கிறேன். வெளியீட்டுக் குறிப்பில் உள்ள எண்கள் சரியா, புகார் எண்ணும் கமிட் எண்ணும் பொருந்துகின்றனவா என்று ராத்திரி எட்டு மணிக்கு உட்கார்ந்து பார்த்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். “நீதான்மா பொறுமையா பாப்பே” என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் அந்தப் பொறுமைக்குக் கட்டம் இல்லை.

ஒப்பிட்டுச் சரிபார்ப்பது கணினிக்கு முன்பே இருந்த வேலை. பெண்களும் அதற்கு முன்பே அதில் இருந்தார்கள். இங்கிலாந்தில் 1767 முதல் கப்பலோட்டிகளுக்கான வானியல் பஞ்சாங்கம் வெளிவந்தது. நாட்டிகல் அல்மனாக் என்று பெயர். அதன் கணக்குகளை ஊர் ஊராக இருந்தவர்கள் வீட்டிலிருந்தே போட்டு அஞ்சலில் அனுப்பினார்கள். ஒருவர் நண்பகலுக்கான சந்திரன் நிலையைக் கணக்கிடுவார், இன்னொருவர் நள்ளிரவுக்கு. மூன்றாமவர் இரண்டையும் கோத்துப் பார்த்துப் பிழை பிடிப்பார். லட்லோ என்ற ஊரிலிருந்த ஜான் எட்வர்ட்ஸ் அந்தக் கணக்கர்களில் ஒருவர். 1784-ல் அவர் இறந்த பிறகு, கணக்குகளைப் போட்டது அவர் மனைவி மேரி எட்வர்ட்ஸ் என்பது வெளியே வந்தது. கூலிப் பதிவில் கணவன் பெயர், கணக்கு மனைவியுடையது. மேரி கேட்டுக்கொண்டதால் வேலை அவருக்கே தொடர்ந்தது. அவருக்குப் பின் மகள் எலிசா செய்தார். 1832-ல் அந்த வேலை லண்டனில் ஒரே அலுவலகத்துக்கு மாறியபோது எலிசாவுக்கு அங்கே இடமில்லை.

வானியலிலேயே இன்னொரு கதை, நாம் பேசும் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. ஸ்காட்லாந்திலிருந்து அமெரிக்கா போன வில்லியமினா ஃபிளெமிங், ஹார்வர்ட் வானாய்வகத்தின் தலைவர் பிக்கரிங் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்து, பிறகு ஆய்வகத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர். 1888-ல் ஒரு புகைப்படத் தட்டைப் பார்த்து, இன்று குதிரைத் தலை நெபுலா என்று சொல்லப்படுவதை அவர் கண்டறிந்தார். டிரேயர் 1895-ல் வெளியிட்ட வான்பொருள் அட்டவணையில், ஹார்வர்டில் கண்டவற்றுக்கெல்லாம் பிக்கரிங் என்ற ஒரே பெயர்தான் இருந்தது. 1908-ல் வந்த அடுத்த அட்டவணையில் ஃபிளெமிங்குக்கு உரிய பெயர் கிடைத்தது. ஆனால் பிந்தைய கண்டுபிடிப்புகளுக்குத்தான். பழைய குறிப்பு பழையபடியே நின்றது. அந்த அட்டவணையை நம்பி எழுதிய ஒவ்வொருவரும் அதே பிழையை நகலெடுத்திருப்பார்கள். அச்சான குறிப்பைத் திருத்துவதும் அடுக்கி முடித்த கமிட்டைத் திருத்துவது மாதிரிதான். காலம் கடந்தால் கை வைக்க முடியாது.

கிட் பதிவேட்டிலும் இதற்கு இணையான ஒரு பதிவு இருக்கிறது. லினக்ஸின் முதல் கமிட் 2005 ஏப்ரல் 16 தேதியிட்டது. அதன் எண் 1டிஏ177இ4சி3எஃப்4 என்று தொடங்கும். கர்னல் வேலை பார்க்கிறவர்கள் பலருக்கு இந்த எண் மனப்பாடம். 17 ஆயிரத்துக்கு மேற்பட்ட கோப்புகள், சுமார் 67 லட்சம் வரிகள், எல்லாம் ஒரே கமிட்டில், டோர்வால்ட்ஸ் பெயரில். பழைய வரலாற்றை அப்போது உள்ளே கொண்டுவர வேண்டாம் என்று அவர் முடிவெடுத்து, அதைச் செய்தியிலும் சொல்லிவிட்டார். 1991 முதல் 2005 வரை நூற்றுக்கணக்கானவர்கள் எழுதிய நிரல் அது. இன்று இருபது வருடப் பழைய பிழை ஒன்றைத் திருத்துகிறவர், ஃபிக்சஸ் வரியில் இந்த முதல் கமிட்டைத்தான் குறிப்பிடுகிறார். எண் உண்டு, தலைப்புப் பொருந்தும், மூதாதை வரிசையிலும் வரும். எந்த ஸ்கிரிப்டும் குறை சொல்லாது. ஆனால் அந்தப் பிழையும் அந்தக் கமிட்டில் பிறக்கவில்லை. அந்த நிரலையும் அவர் ஒருவர் எழுதவில்லை. வில்லங்கச் சான்றை எந்த வருடத்திலிருந்து போட்டுக் கேட்கிறோமோ அதற்கு முந்தையது அதில் வராது. பதிவேடு எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் உலகம் தொடங்கியது என்று நினைத்துக்கொள்ள அது இடம் கொடுக்கிறது. பிட்கீப்பர் காலத்து வரலாறு தனிக் களஞ்சியமாகக் கிடைக்கிறது. பங்களித்தவர்கள் பெயர் தாங்கிய ஒரு கோப்பும் கர்னலுக்குள்ளேயே உண்டு. தேடுகிறவர்களுக்குக் கிடைக்கும், தேட வேண்டும்.

ஸ்கிரிப்ட் பிடிக்காத தவறு இன்னும் ஒன்று உண்டு. என்னைப் பொறுத்தவரை அதுதான் அதிகம் காயப்படுத்துவது. கிட்டில் ‘பிளேம்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. தமிழில் சொன்னால் பழி. ஒரு வரியைக் கடைசியாகத் தொட்டது யார் என்று அது காட்டும். சப்வெர்ஷனில் இதே கட்டளைக்குப் ‘பிரெய்ஸ்’, அதாவது பாராட்டு என்றும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். வழக்கில் நின்றது பழிதான். நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், வாடிக்கையாளர் கணக்குகளைக் குழப்பிய ஒரு பிழை வந்தது. திருத்தியவர் பிளேம் கட்டளையைத் தட்டினார். அது காட்டிய கமிட்டை அப்படியே குறிப்பில் போட்டுவிட்டார். அந்தக் கமிட் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பெண்ணுடையது. மறுநாள் கூட்டத்தில் திரையில் அவள் பெயர் இருந்தது. அவள் செய்தது வரிகளின் முன்னால் இடைவெளியைச் சீராக்கியது மட்டும்.

குழுவில் மூத்தவரான ஓர் அக்கா ஒன்றும் பேசாமல் தன் கணினியைத் திறந்தார். இடைவெளி மாற்றங்களைக் கணக்கில் எடுக்காமல் பிளேம் போட்டார். அது காட்டிய கமிட்டுக்கும் முன்னால் போனார். அந்த நிபந்தனை முதலில் எந்தக் கமிட்டில் நுழைந்தது என்று வரலாற்றைத் தேடினார். மூன்று வருடத்துக்கு முன் எழுதியது. எழுதியவர் அதே கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். “இந்தக் கமிட்ட எடுத்துட்டு அத போடுங்க” என்று எண்ணை மட்டும் சொன்னார் அக்கா. சேர்ப்பதற்கு முன்பே என்பதால் குறிப்பு மாறியது. இன்று அந்தப் பதிவேட்டைத் திறந்தால் பிழை, திருத்தம், சரியான எண் எல்லாம் இருக்கிறது. ஒரு பெண் மேல் ஒரு நாள் நின்ற பழியும் இல்லை. அதை நீக்கியவரின் இருபது நிமிடமும் இல்லை.

அந்த இருபது நிமிடத்தை ஸ்கிரிப்டிடம் விட முடியாது. எண் இருக்கிறதா என்று கருவி பார்க்கும். அந்த எண் சொல்லும் காரணம் உண்மையா என்று பார்க்க நிரலைப் படிக்க வேண்டும். இப்படிப் படிக்கும் வேலைக்கே கருவி செய்துகொடுத்தவர்களில் ஒருவர் ஜூலியா லாவல். பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் இருக்கும் இவர், கர்னல் முழுவதும் ஒரே மாதிரியான பிழைகளைத் தேடித் திருத்த உதவும் காக்சினெல் என்ற கருவியை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்குப் பொறிவண்டு என்று பொருள். பருத்திக் காட்டில் அசுவினியைத் தின்னும் பொறிவண்டைக் கரிசல்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கமிட் வரலாற்றுக்குள் தேடுவதற்கும் பிரீக்வெல் என்ற கருவியை அவர் குழு செய்தது. பெண்களைத் திறமூல மென்பொருளுக்குக் கொண்டுவர குனோம் அமைப்பு 2006-ல் தொடங்கிய முயற்சியில் கர்னலும் 2013-ல் சேர்ந்தது. 2015-ல் அதற்கு அவுட்ரீச்சி என்று பெயர் மாறியது. லாவல் அதில் கர்னலுக்கு வரும் புதியவர்களுக்கு வழிகாட்டிவந்தவர். இந்தியப் பெண்களும் அந்த வழியாகக் கர்னலுக்குள் போயிருக்கிறார்கள். நிரல் எழுதுவதற்கு ஈடாகக் கமிட் செய்தி எழுதவும் அங்கே பழக வேண்டும்.

கடைசியாகப் பெயருக்கு வருகிறேன். கமிட்டுக்குள் எழுதியவர் பெயரும் மின்னஞ்சலும் இருக்கின்றன என்று சொன்னேன். நம் பெண்களுக்குக் கல்யாணத்தில் இனிஷியல் மாறுகிறது. வேலை மாறும்போது மின்னஞ்சல் மாறுகிறது. பதிவேட்டில் அவள் இரண்டு பேராகிவிடுகிறாள். ஐந்நூறு கமிட் எழுதியவள் இருநூறும் முந்நூறுமாகப் பிரிந்து, பட்டியலில் கீழே போகிறாள். பழைய கமிட்டுகளில் பெயரை மாற்றலாமா என்றால், மாற்றினால் எண்கள் மாறும். அவளைச் சுட்டிய குறிப்புகள் எல்லாம் உடையும். இதற்குக் கிட் தரும் வழி மெயில்மேப் என்ற சிறு கோப்பு. ‘இந்தப் பழைய பெயரும் இந்தப் புதிய பெயரும் ஒரே ஆள்’ என்று ஒரு வரி எழுதி வைத்தால், கணக்கெடுக்கும்போது கிட் இரண்டையும் சேர்த்துக் காட்டும். எண்கள் அப்படியே நிற்கும். மணமாகி, மணமுறிந்து, பாலின அடையாளம் மாறி, காரணம் எதுவானாலும் பெயர் மாற்றியவர்களுக்கு இது பயன்படும். யூடிஆருக்குப் பின் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிட்டுத் தந்த பட்டியல் செய்த வேலையை இது செய்கிறது.

மென்பொருள் படிக்கும் மாணவிகளுக்கு மூன்று காரியம் சொல்வேன். குறிப்பு எழுதும்போது எண்ணைக் கையால் தட்டாமல், தலைப்போடு சேர்த்துக் கிட்டிடமே கேட்டு வாங்குங்கள். கிளையை அடுக்கிய பிறகு இன்னொரு முறை பாருங்கள். பிளேம் காட்டும் முதல் பெயரோடு நிற்காமல், அந்தக் கமிட்டைத் திறந்து, பிழை நிஜமாகவே அங்கேதான் நுழைந்ததா என்று படியுங்கள். அதில் இருப்பது ஓர் ஆளின் பெயர். மூன்றாவது, உங்கள் குறிப்பில் தவறு என்று ஒருவர் சொல்லி நீங்கள் திருத்தினால், சொன்னவர் பெயரைச் செய்தியில் ஒரு வரி எழுதுங்கள். அதற்கென்று வழக்கமான வரி இல்லை என்பதற்காக விட்டுவிட வேண்டாம். இன்று வழக்கத்திலிருக்கும் வரிகளும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் புதிதாக எழுதத் தொடங்கியவைதாம். அடுக்கி முடிப்பதற்குள் எழுதிவிடுங்கள். பிறகு அந்தப் பெயரைச் சேர்க்க முடியாது.